பதினேழாம் நாள்: முதுமையில் துணையை இழந்தவர்களுக்கு நம் கடமை



துக்க வீட்டு வேலை என்றால் நம் இளைஞர்களைக் குறை சொல்லவே முடியாது. வாட்ஸ்அப்பில் செய்தி வந்த அரை மணி நேரத்தில் கூடாரம் போட ஆள் வந்துவிடும். நாற்காலி இறக்க நாலு பேர், தண்ணீர் கொடுக்க ரெண்டு பேர், தேவாரம் பாட ஒரு குழு, கார்களை ஒழுங்குபடுத்த ஒரு குழு என்று யாரும் சொல்லாமலேயே வேலை நடக்கும். எட்டாம் நாளும் வருவோம். பதினாறாம் நாளும் வருவோம். சாப்பிட்டு, கூடாரத்தைப் பிரித்து, நாற்காலிகளை லாரியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

பதினேழாம் நாள் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள்?

இந்த மாதப் பாடம் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். முக்கியமாக, நாற்பது ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து, வயதான காலத்தில் கணவனையோ மனைவியையோ இழந்து நிற்கும் நம் தாத்தா பாட்டிகளைப் பற்றியது. மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களைத்தான் மூத்த குடிமக்கள் என்று கணக்கில் எடுக்கிறார்கள். 2030ஆம் ஆண்டு வாக்கில் நாட்டு மக்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் அந்த வயதுக்காரர்களாக இருப்பார்கள் என்பது கணிப்பு. அவர்களில் நம் சமூகத்துப் பெரியவர்கள் பலர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்தவர்கள். அவர்கள் எதை இழந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நாம் சரியாகத் துணை நிற்க முடியும்.

1. பதினாறு நாள் எதற்கு?

நம் ஈமச் சடங்குகளை ஒருமுறை வரிசையாகப் பார்ப்போம். இறந்த அன்று நீர்மாலை, வாய்க்கரிசி, பேரப்பிள்ளைகள் பிடிக்கும் நெய்ப்பந்தம், மகன் வைக்கும் கொள்ளி. அடுத்த நாளோ மூன்றாம் நாளோ அஸ்தி எடுத்து ஆற்றிலோ கடலிலோ கரைப்பது. எட்டாம் நாள் படையல். பதினாறாம் நாள் கருமக்கிரியை. குடும்பத்துக்குக் குடும்பம் முறையும் நாள் கணக்கும் கொஞ்சம் மாறும்.

இவை இறந்தவரின் ஆன்மா நல்ல கதி அடைய வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுபவை. ஆனால், உயிரோடு இருப்பவர்களுக்கும் இவை ஒரு பெரிய உதவியைச் செய்கின்றன. படத்துக்கு முன்னால் விளக்கு எரிய வேண்டும் என்றால், எண்ணெய் ஊற்ற அந்த வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். படையலுக்கு இறந்தவருக்குப் பிடித்த பலகாரம் வேண்டும் என்றால், அவருக்கு என்ன பிடிக்கும் என்று பேசித்தான் ஆக வேண்டும். சொந்தக்காரர்கள் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். யாரோ ஒருவர் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறார். தனியாக இருக்கவே விடாத ஏற்பாடு அது.

இதில் நாம் கவனிக்காத ஒன்று உண்டு. சாஸ்திரம் கணக்கைப் பதினாறோடு முடிக்கவில்லை. முதல் வருடம் முழுவதும் மாதாமாதம் மாசிகம் இருக்கிறது. வருடம் திரும்பும்போது ஆண்டுத் திதி இருக்கிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை இருக்கின்றன. நம் நாட்டில் தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் போடும் பழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. அதாவது, துக்கம் ஒரு வருடத்துக்குக் குறையாமல் இருக்கும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுப் படியை யாராவது மிதிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வேலை, தூரம், செலவு என்று நாம்தான் மாசிகத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். சடங்கு போனதோடு, அதோடு வந்த ஆட்களும் போய்விட்டார்கள்.

2. போனது என்ன? தோட்டத்து ஒரு நாள்

"தாத்தா போய்ட்டாரு, பாட்டி பாவம்" என்று சொல்லிவிடுகிறோம். பாட்டி இழந்தது ஓர் ஆளை மட்டுமல்ல. அந்த ஆளோடு சேர்ந்து செய்து வந்த வேலைகள், நேரங்கள், பழக்கங்கள் எல்லாம் சேர்ந்து போகின்றன. இது புரிய, தோட்ட வாழ்க்கை கொஞ்சம் தெரிய வேண்டும்.

1877ஆம் ஆண்டு லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் மூலம் நம் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை அது தொடர்ந்தது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று 70, 80 வயதில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? விடியுமுன் நாலு மணிக்கே லயத்தில் அடுப்பு எரியும். வரக்காப்பி குடித்துவிட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டும். அங்கே பேர் கூப்பிட்டு, மண்டோர் வேலை பிரித்துக் கொடுப்பார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு நிரைக்குள் நுழைய வேண்டும். ஒருவருக்கு ஏறக்குறைய 500 மரம்.

ஏன் அவ்வளவு சீக்கிரம்? இரவில் மரத்தில் நீர் நிறைந்து பால் குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியேற்றும், அழுத்தம் குறையும், பால் குறையும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனம்தான். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராது. கத்தி கூராக இல்லாவிட்டால் வேலை கெட்டுவிடும். சீவி முடித்துப் பசியாறி, வெயில் ஏறியதும் மறுபடி மரம் மரமாகப் போய் மங்கில் விழுந்த பாலை வாளியில் ஊற்றி, சுமந்து கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலியில் கை வைக்கும்.

இந்த வேலையைப் பல வீடுகளில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நிரையில் செய்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் கணவன் குலை வெட்டினால் மனைவி உதிரிப் பழம் பொறுக்கினார். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ரெண்டு பேரும் போனார்கள். வீடும் வேலை இடமும் ஒன்று. துணையும் கூட்டாளியும் ஒரே ஆள். நம் அப்பா அம்மா காலையில் ஆளுக்கொரு திசையில் வேலைக்குப் போய் இரவில் சந்திக்கிறார்களே, அது வேறு வாழ்க்கை. தாத்தா பாட்டி காலையிலிருந்து இரவு வரை ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டபடி வாழ்ந்தவர்கள்.

3. முதலில் தோட்டம், பிறகு துணை

1957இல் சுதந்திரம் கிடைத்த காலத்தை ஒட்டிப் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தோட்டத் துண்டாடல் என்று நம் வரலாற்றுப் பாடத்தில் வருவது இதுதான். தொழிலாளர்களின் பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, தோட்டங்களை அவர்களே வாங்குவதற்காக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்படியும் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின.

தோட்ட வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இப்படி 55, 60 வயதில் பலர் லயத்தை விட்டு, மாரியம்மன் கோயிலை விட்டு, திருவிழாவை விட்டு, பக்கத்து வீட்டு அக்காவை விட்டு, நகரத்து ஓரத்தில் மலிவு விலை வீட்டுக்கோ பிள்ளைகளின் அடுக்குமாடி வீட்டுக்கோ வந்தார்கள். வந்த இடத்தில் பழைய வாழ்க்கைக்குச் சாட்சியாகக் கூட இருந்தது ஒரே ஓர் ஆள்தான். அந்த ஆளும் போகும்போது, "அந்த வருஷம் வெள்ளம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்கக்கூட வீட்டில் ஆளில்லை.

4. என் பாட்டி வீட்டில் நான் பார்த்தது

என் தாத்தாவும் பாட்டியும் பேராக்கில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர்கள். தாத்தா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பதினாறு நாளும் வீட்டில் கால் வைக்க இடமில்லை. அதற்குப் பிறகு பாட்டியின் கஷ்டம் எந்த வடிவத்தில் வந்தது என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். அது நான் நினைத்த வடிவத்தில் வரவில்லை.

பாட்டி உட்கார்ந்து அழுதது குறைவு. ஆனால் மின்சார பில் வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தாத்தாதான் வாசிப்பார், தாத்தாதான் கட்டுவார். மருந்துப் பையில் எது காலையில், எது இரவில் என்று தாத்தாதான் எடுத்துக் கொடுப்பார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போவார். தாத்தா போனபின் கோயிலுக்கு ரெண்டு மாதம் போகவில்லை. பக்தி குறைந்து அல்ல, கூட்டிப் போக ஆள் இல்லாமல். இப்படி ஒரு நாளில் பத்துப் பதினைந்து இடத்தில் தாத்தா இல்லாதது தட்டுப்பட்டது.

நாலு மணிக்கு விழிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. ஏன் பாட்டி, இன்னும் கொஞ்ச நேரம் படுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"மழை பெய்யுதான்னு பாக்க எந்திரிச்சுப் பழகிருச்சு தம்பி. மழை இல்லன்னா தாத்தாவ எழுப்பணும். பெஞ்சா பாவம் தூங்கட்டும்னு விட்டுருவேன். இப்ப பெஞ்சாலும் பெய்யலன்னாலும் எழுப்ப ஆளில்ல" என்றார்.

எங்கள் வகுப்பில் கட்டமைப்புப் பாடம் படிக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு தாங்கிகள் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் உத்திரத்தில் ஒரு தாங்கியை எடுத்துவிட்டால், மிச்சமுள்ள தாங்கி இரண்டு மடங்கு சுமையைத் தாங்கிக்கொண்டு நிற்கும் என்று தோன்றும். நிற்காது. உத்திரமே சாய்ந்துவிடும். போன இடத்தில் இன்னொரு தாங்கி வைக்க வேண்டும். பாட்டிக்கும் அப்படித்தான். "மனச தேத்திக்குங்க, தைரியமா இருங்க" என்று சொல்வது, மிச்சமிருக்கும் ஒற்றைத் தாங்கியைப் பார்த்து "நீயே தாங்கு" என்று சொல்வது மாதிரி. பில் கட்ட ஒருவர், மருந்து பிரிக்க ஒருவர், கோயிலுக்குக் கூட்டிப் போக ஒருவர் என்று சின்னச் சின்னத் தாங்கிகள் தேவைப்பட்டன. அவை வந்தபின் பாட்டி மெதுவாக நிமிர்ந்தார்.

இன்னொன்றும் நடந்தது. ரப்பர் பற்றி ஒரு படிப்பு வேலைக்காகப் பாட்டியிடம் கேள்வி கேட்டேன். பாலில் மருந்து ஊற்றி உறைய வைப்பது, மிஷினில் போட்டுத் தகடாக்குவது, புகைக்கூண்டில் காய வைப்பது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனார். பேச்சுக் கத்தியில் வந்து நின்றது. "எங் கத்தியையும் அவருதான் தீட்டுவாரு. என்னைய தீட்ட விடமாட்டாரு. நீ தீட்டுனா மொனை போயிரும்பாரு" என்று சிரித்தார். சிரித்தபடியே கண் கலங்கியது. நான் பேச்சை மாற்றவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவி வந்து, "எங்க விட்டேன்?" என்று கேட்டுத் தொடர்ந்தார். தாத்தாவைப் பற்றிப் பேசினால் பாட்டிக்குக் கஷ்டம் என்று எல்லாரும் பேசாமல் இருந்த வீடு அது. பேசாமல் இருந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

தாத்தாக்கள் தனியாகிவிட்டால் நிலைமை வேறு விதமாக இருக்கும். பலருக்குச் சமையல் தெரியாது. சொந்தக்காரர்களோடு போனில் பேசுவது, விசேஷங்களுக்கு மொய் எழுதுவது, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளை நினைவு வைப்பது எல்லாம் பாட்டியின் பொறுப்பாக இருந்திருக்கும். பாட்டி போனதும் சாப்பாடும் உறவும் ஒன்றாக அறுந்துவிடும். ஆண்பிள்ளை அழக்கூடாது என்ற பழக்கம் வேறு. அதனால் தாத்தா "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது.

5. நம் நூல்கள் என்ன சொல்கின்றன?

துக்க வீட்டில் நாம் அதிகம் சொல்வது, "ஆன்மாவுக்கு அழிவில்லை, அழாதீங்க" என்பதுதான். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனுக்கு அதைச் சொல்கிறார், உண்மை. ஆனால் எங்கே, யாருக்குச் சொல்கிறார்? போர் தொடங்கும் முன், செய்ய வேண்டிய கடமையிலிருந்து பின்வாங்கும் ஒரு வீரனுக்கு. அதே மகாபாரதத்தில் போர் முடிந்தபின் ஒரு பருவமே இருக்கிறது. 18 பருவங்களில் 11ஆவது, ஸ்திரீ பருவம். நூறு பிள்ளைகளையும் இழந்த காந்தாரியும் மற்றப் பெண்களும் போர்க்களத்துக்கு வந்து அழுகிறார்கள். ஆறுதல் சொல்பவர்கள் அதிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அழுகையை வெட்டி எறியாமல், வியாசர் அதற்கு விரிவாக இடம் கொடுத்திருக்கிறார். காந்தாரி புலம்புவதைக் கண்ணனும் நின்று கேட்கிறார். தத்துவம் நம் மனதுக்குள் பலமாக இருக்கட்டும். அழுகிறவர் வாயை மூட அதைப் பயன்படுத்த வேண்டாம்.

அடுத்து, திலகவதியார். பெரியபுராணத்தில் திருநாவுக்கரசர் வரலாற்றில் வருகிறார். திருவாமூரில் பிறந்தவர். தந்தை புகழனார் இறந்தார், தாய் மாதினியாரும் இறந்தார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிரை விடத் துணிந்தவர், தம்பி மருள்நீக்கியாரின் அழுகையைக் கேட்டு, தம்பிக்காக உயிர் வாழ்ந்தார். பிறகு அந்தத் தம்பியும் வேறு சமயம் தேடிப் போய்விட்டார். திலகவதியார் என்ன செய்தார்? திருவதிகைக் கோயிலில் விடியுமுன் கூட்டினார், மெழுகினார், பூப் பறித்தார், மாலை கட்டினார். ஒவ்வொரு நாளும் கைக்கு ஒரு வேலை, அதில் ஒரு பக்தி. சூலை நோயோடு தம்பி திரும்பி வந்தபோது திருநீறு கொடுத்துத் தேற்றும் பலம் அவரிடம் இருந்தது.

இதை நம் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணவனை இழந்த பாட்டியைக் கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்கார வைக்கிறோம். ஆரத்தி எடுக்க வேண்டாம், தாம்பாளம் தொட வேண்டாம் என்கிறோம். "நீங்க சும்மா உக்காருங்க" என்று கையிலிருந்த வேலையையும் வாங்கிக்கொள்கிறோம். துணை போன இடத்தில் மரியாதையும் வேலையும் சேர்த்துப் போகிறது. இழந்து நின்ற ஒரு பெண் இறைவன் சந்நிதியில் மாலை கட்டித் தொண்டு செய்ததைப் போற்றும் சமயம் நம்முடையது. அப்படியிருக்க, பேத்தியின் நெற்றியில் பாட்டி குங்குமம் வைக்கக் கூடாது என்பதற்கு நான் யோசித்துப் பார்த்தவரை நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, திருக்குறள். ஐந்தாம் அதிகாரமான இல்வாழ்க்கையில், இல்லறத்தான் பேண வேண்டியவர்கள் என்று ஐந்து பிரிவினரை வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான். இறந்த தாத்தாவுக்குப் படையல் போடுவது முன்னோர் கடன். உயிரோடு இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்வது சுற்றத்தார் கடன். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட முடியாது. தாத்தா படத்துக்கு முன்னால் வடை பாயசம் வைத்துவிட்டு, பாட்டி மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று தெரியாமல் இருந்தால் அந்தக் கணக்கு நேராகாது.

6. நாம் செய்யக்கூடியவை

ஒன்று. கிளையில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நாம் உதவிக்குப் போன ஒவ்வொரு துக்க வீட்டுக்கும் பதினேழாம் நாள், முப்பதாம் நாள், மூன்றாம் மாதம், முதல் தீபாவளி, ஆண்டுத் திதி ஆகிய தேதிகளைக் குறியுங்கள். அந்த நாட்களில் இரண்டு பேராவது போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டு. போகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டாம். பெரியவர்களுக்குப் பழகிய முகம் வேண்டும். அதே இரண்டு பேர், முடிந்தால் அதே கிழமை, அதே நேரம்.

மூன்று. "ஏதாச்சும் வேணும்னா சொல்லுங்க பாட்டி" என்று சொல்லாதீர்கள். பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். "சனிக்கிழமை மார்க்கெட் போறேன், உங்களுக்கு என்ன வாங்கட்டும்?" என்று கேளுங்கள். "வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குக் கோயிலுக்குக் கார் வரும், ரெடியா இருங்க" என்று சொல்லுங்கள்.

நான்கு. இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள். தாத்தா எந்தத் தோட்டம், எத்தனை மரம் வெட்டினார், திருவிழாவில் என்ன பொறுப்பு எடுத்தார் என்று கேளுங்கள். அனுமதி கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். அந்தத் தோட்டங்கள் வரைபடத்திலிருந்தே மறைந்து வருகின்றன. பெரியவர்களின் நினைவில்தான் பாதி இருக்கிறது.

ஐந்து. வேலை கொடுங்கள். நம் சமய வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை கட்ட, கோலம் போட, பலகாரம் சுடச் சொல்லிக் கொடுக்க அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்க மாட்டார். சமூகநலத் துறையின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் (பாவே) பக்கத்தில் இருந்தால் முதல் இரண்டு தடவை நீங்களே கூட்டிப் போங்கள். தனியாக யாரும் புது இடத்துக்குப் போக மாட்டார்கள்.

ஆறு. பாரங்களை வாசித்துக் கொடுங்கள். மரணச் சான்றிதழ், ஊழியர் சேமநிதி, இறந்தவர் சந்தாதாரராக இருந்திருந்தால் சொக்சோவின் வாரிசு ஓய்வூதியம் என்று பல வேலை இருக்கும். ஆனால் ஒன்று கண்டிப்பு. வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் நாம் வாங்கவே கூடாது. பணம் சம்பந்தப்பட்ட எதுவும் குடும்பத்தார் ஒருவர் கூட இருக்கும்போதுதான் நடக்க வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்களைப் போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றியும் பொறுமையாகச் சொல்லி வையுங்கள்.

ஏழு. கண்ணைத் திறந்து பாருங்கள். சமைத்த அடையாளம் இருக்கிறதா, மருந்து குறைந்திருக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா? "நானும் சீக்கிரம் போயிட்டா நல்லது" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், "சும்மா அப்படிப் பேசாதீங்க" என்று அடக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். அன்றே குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் கூட்டிப் போக உதவுங்கள். மனம் விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் இருக்கிறது.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை. நேரம்தான் செலவு. படிப்பு, பகுதிநேர வேலை என்று ஓடும் நமக்கு அதுதான் கஷ்டமான செலவு, தெரியும். அதனால்தான் தனி ஆளாகச் செய்யாமல் கிளையாகச் செய்யச் சொல்கிறேன். எட்டுப் பேர் உள்ள கிளை நாலு ஜோடியாகப் பிரிந்தால், ஒரு ஜோடிக்கு ஒரு வீடு, வாரத்துக்கு ஒரு மணி நேரம். நாலு வீட்டில் நாலு பெரியவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தை எதிர்பார்த்து ஒரு வாரம் நகரும்.

கிளை வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள்? அந்த இடம் இன்று என்னவாக இருக்கிறது?

2. உங்கள் வீட்டில் பதினாறு நாளில் நடந்த சடங்குகளில், உயிரோடு இருப்பவர்களுக்கு ஆறுதலாக இருந்தது எது? மனதைப் புண்படுத்தியது எது?

3. துணையை இழந்தவர்களை விசேஷங்களில் ஒதுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? பெரியவர்களின் மனம் நோகாமல் அதை எப்படி மாற்றலாம்?

4. கடந்த ஒரு வருடத்தில் நம் கிளை உதவிக்குப் போன துக்க வீடுகள் எத்தனை? அவற்றில் எத்தனை வீட்டுக்குப் பதினாறாம் நாளுக்குப் பிறகு போனோம்?

நான்காவது கேள்விக்கு விடை எழுதும்போது வீடுகளின் பட்டியலையும் போடுங்கள். அடுத்த சனிக்கிழமை எந்த வீட்டுக்கு யார் போவது என்று முடிவு செய்துவிட்டு வகுப்பை முடியுங்கள்.